அந்த வீட்டுக்காகக் கோயிலில் ஏன் பணம் கட்டுகிறார்கள்?

பெருங்குடியிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். வயது 41, கணவன் மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை. மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. 1,500 சதுர அடி மனை. வாசலில் திண்ணை, நடுவில் முற்றம், மெட்ராஸ் டெரஸ் கூரை, மாடியில் ஒற்றை அறை. விற்பவர்களின் தாத்தா 1938-ல் கிரயம் வாங்கியது. தாத்தா 1961-ல் உயில் எழுதாமல் காலமானார், அவருடைய ஒரே மகன் 1994-ல். இப்போது விற்பது அந்த மகனின் பிள்ளைகள் மூன்று பேர்: சென்னையில் இரண்டு அண்ணன் தம்பிகள், நியூ ஜெர்சியில் ஒரு தங்கை. தங்கை "அப்புறம் கையெழுத்துப் போட்டுவிடுவார்".

விலை 1 கோடியே 65 லட்சம். அதில் 40 லட்சத்தைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகத் தரச் சொல்கிறார்கள். வீட்டின் முன்பகுதியில் முப்பது ஆண்டுகளாக ஒரு தையல் கடை, வாடகை 3,000 ரூபாய், எழுத்தில் எதுவும் இல்லை. வாசகியின் கையில் 60 லட்சம் இருக்கிறது, மீதி 1 கோடியே 5 லட்சத்துக்கு வங்கிக் கடன். நகையை வைத்து 25 லட்சம் புரட்டி வீட்டைப் புதுப்பித்து 18 மாதத்தில் இரண்டரைக் கோடிக்கு விற்பது திட்டம். விற்க மனம் வராவிட்டால் காபி கடைக்கு வாடகைக்கு விடுவது. வருகிற வெள்ளிக்கிழமை 10 லட்சம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். "வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டோம், சுத்தமாக இருக்கிறது. தைரியமாக இறங்கலாமா சார்?" என்று கேட்கிறார்.

கடிதத்தில் போகிற போக்கில் இரண்டு வரிகள் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, "தாத்தாவுக்கு இரண்டு பெண்களும் இருந்தார்களாம், கட்டிக்கொடுத்துப் போய்விட்டார்கள்." இன்னொன்று, "வருஷா வருஷம் கோயிலுக்கு ஏதோ சிறு தொகை கட்டுகிறார்கள், பக்தியான குடும்பம்." மற்றதையெல்லாம் ஒருமுறைதான் படித்தேன். இந்த இரண்டு வரிகளை மூன்று முறை படித்தேன்.

அந்த இடத்தில் அந்த அளவு மனை அந்த விலைக்கு வருகிறது என்றால், ஏன் வருகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். வீடு பழசு என்பது அதற்குப் பதில் ஆகாது. மயிலாப்பூரில் விலை மண்ணுக்குத்தான், மேலே நிற்கும் கட்டடத்துக்கு யாரும் பெரிதாகக் கணக்குப் பார்ப்பதில்லை. மண்ணின் விலை குறைந்திருக்கிறது என்றால் மண்ணில்தான் ஏதோ இருக்கிறது.

கோயில் ரசீது

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பேட்டைகளில் கோயில் மனை மீது வீடு கட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் நிறைய. கட்டடம் அவர்களுடையது, மண் சுவாமியுடையது. இதைத்தான் அடிமனை என்கிறோம். மாதமோ வருடமோ கட்டுகிற தொகை அடிமனை வாடகை. முதல் தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். மூன்றாம் தலைமுறைக்கு வரும்போது "கோயிலுக்கு ஏதோ கட்டுவோம்" என்று தேய்ந்துவிடும், அவர்கள் பொய் சொல்ல வேண்டும் என்றுகூட அவசியமில்லை.

அதனால் ரசீதைக் கேளுங்கள். புகைப்படம் போதும். அதில் எந்த இனத்தில் வரவு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நன்கொடை, அர்ச்சனை, உபயம் என்றிருந்தால் நிம்மதி. கட்டளை என்றிருந்தால் சற்று நிதானிக்க வேண்டும்: தாத்தாவோ அவருக்கு முன்பிருந்தவரோ இந்தச் சொத்தின் வருமானத்திலிருந்து விளக்கெரிக்கவோ நைவேத்தியத்துக்கோ எழுதி வைத்திருந்தால் அந்தப் பொறுப்பு சொத்தோடு ஒட்டிக்கொண்டு உங்களிடம் வரலாம். வாடகை, அடிமனை, குத்தகை என்று ஏதாவது ஒரு சொல் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்பதோ அடமானம் வைப்பதோ ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதோ செல்லாது. அவர்கள் உங்களுக்கு விற்க முடிவது மேல்கட்டடத்தை மட்டும்தான், அதையும் கோயில் உங்களை வாடகைதாரராக ஏற்றுக்கொண்டால்தான் நிம்மதியாக அனுபவிக்க முடியும். பழைய வாடகை பாக்கி, புதிதாக நிர்ணயித்த நியாய வாடகை எல்லாம் உங்கள் தலையில் விழும். "எண்பது வருஷமாக இருக்கிறோம், எங்களுக்கே பாத்தியம்" என்ற வாதமும் எடுபடாது, கோயில் சொத்தை மீட்பதற்குக் காலவரையறைச் சட்டம் குறுக்கே வராது என்று அதே சட்டம் சொல்கிறது. பிறத்தியார் மனையில் கட்டடம் கட்டியவருக்கு அந்த மனையையே விலைக்குக் கேட்கும் உரிமை கொடுத்த 1921-ஆம் ஆண்டு நகர குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாராவது உங்கள் காதில் ஓதுவார்கள். கோயில் நிலங்களுக்கு அந்தச் சலுகை 1996-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

ரசீதைத் தவிர இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும். 1938 பத்திரத்தின் சொத்து விவரத்தை வரி வரியாகப் படியுங்கள், "மனையும் அதன்மேல் உள்ள வீடும்" என்றிருக்கிறதா, "மேல்கட்டடம் மட்டும்" என்றிருக்கிறதா என்று தெரியும். அப்புறம் தாலுகா அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், டி.எஸ்.எல்.ஆர். என்பார்களே, அதில் உரிமையாளர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சொத்து வரி ரசீது, மின் அட்டை, குடிநீர் வரி எல்லாம் அவர்கள் பெயரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அடிமனையில் இருப்பவர்களுக்கும் அதெல்லாம் அவர்கள் பெயரில்தான் இருக்கும்.

அத்தைகள்

சரி, மண் அவர்களுடையதுதான் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது அந்த இரண்டு பெண்கள், விற்பவர்களுக்கு அத்தைகள்.

"பெண்களுக்குச் சொத்தில் பங்கு 2005-க்குப் பிறகுதானே, இது 1961 கதை" என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், படித்தவர்கள் உட்பட. 2005 திருத்தம் பேசுவது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையைப் பற்றி. தாத்தா தன் காசில் கிரயம் வாங்கிய சொத்து தனிச்சொத்து. அவர் 1961-ல் உயில் இல்லாமல் இறந்தபோது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதன்படி மனைவி, மகன், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. பாட்டியின் பங்கும் பின்னால் அந்த மூன்று பிள்ளைகளுக்குப் போயிருக்கும். ஆக, மகனுக்கு மூன்றில் ஒன்று, அத்தைகளுக்கு மூன்றில் இரண்டு. இன்று உங்களிடம் முழு வீட்டையும் விற்க வந்திருக்கிற மூன்று பேர் கையிலும் சேர்த்து இருப்பது மூன்றில் ஒரு பங்கு.

அறுபது வருடமாக அத்தைகள் ஏன் கேட்கவில்லை என்று தோன்றும். கேட்டாலும் அன்றைக்குக் கிடைத்திருக்காது. குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பாகம் பிரிக்க ஆண் வாரிசுகளாகப் பார்த்து முன்வந்தால்தான் உண்டு என்று அந்தச் சட்டத்தில் 23-வது பிரிவு ஒன்று இருந்தது. பங்கு உண்டு, பிரித்துக் கேட்க வழியில்லை. 2005-ல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். புரோக்கர் சொன்ன 2005 இந்த வகையில் உங்கள் கதைக்குள் வருகிறது, ஆனால் அவர் சொன்னதற்கு நேர் எதிராக. "இத்தனை வருஷம் நாங்கள்தான் அனுபவித்தோம்" என்பதும் பெரிதாக உதவாது. ஒரு பங்குதாரரின் அனுபவம் எல்லாப் பங்குதாரர்களுக்குமான அனுபவம் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து விலக்கி வைத்ததை நிரூபித்தால் ஒழிய.

அத்தைகள் எப்போதாவது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்திருக்கலாம். அப்படி ஒன்று பதிவாகியிருந்தால் இந்தப் பகுதி முழுவதையும் மறந்துவிடலாம். உங்களுக்குக் காட்டிய வாரிசுச் சான்று அப்பாவின் இறப்புக்குத் தாசில்தார் கொடுத்தது, அதில் அத்தைகள் பெயர் வராது, வரவும் கூடாது. தாத்தாவின் வாரிசுகள் யார் என்பதற்கு அது பதிலே இல்லை. வில்லங்கச் சான்றும் அப்படித்தான். பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதில் ஏறும். யாரும் எதையும் பதியாமல் உட்கார்ந்திருந்தால் வில்லங்கம் பளிச்சென்றுதான் இருக்கும். இணையத்தில் கிடைக்கிற ஆண்டுகளோடு நிற்காமல் 1938 வரை மனுப்போட்டு எடுங்கள். சார்பதிவாளர் பதிந்துகொடுத்துவிட்டார் என்பதற்காக உரிமை சுத்தம் என்று அர்த்தமில்லை, அதை விசாரிப்பது அவர் வேலையும் இல்லை.

"இருக்கிற பங்கை வாங்கிப்போடுவோம், அத்தை பிள்ளைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். குடியிருப்பு வீட்டில் பிரிபடாத பாகத்தை வாங்கிய வெளியாளுக்கு மற்றவர்களோடு சேர்ந்து உள்ளே நுழையும் உரிமை கிடையாது, சொத்து மாற்றுச் சட்டம் 44-வது பிரிவு. நீங்கள் பாகப்பிரிவினைக்கு வழக்குப் போட்டால் உங்கள் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்வதாக அவர்கள் கேட்கலாம், அதற்கு 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் கொடுக்கிறது. என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் புரசைவாக்கத்தில் பாதிப் பங்கை வாங்கிவிட்டு எட்டு வருடம் அந்தத் தெரு முனையில் நின்று வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். சொத்து வரியில் பாதி மட்டும் ஒழுங்காகக் கட்டினார்.

நியூ ஜெர்சி தங்கை "அப்புறம்" கையெழுத்துப் போடக்கூடாது. கிரயத்தன்று நேரில் வர வேண்டும், அல்லது அங்கே முறையாகச் சான்றளித்த பவர் பத்திரம் இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். அவர் வெளிநாட்டுவாசி என்பதால் அவர் பங்குக்கு நீங்கள் விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, அதாவது டி.டி.எஸ்., வழக்கமான 1 சதவீதம் அல்ல. 12.5 சதவீதமும் அதன்மேல் சர்சார்ஜ், செஸ்ஸும். குறைத்துப் பிடிக்க வருமான வரித் துறையிடம் அவர் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் சரி. பிடிக்காமல் விட்டால் துறை உங்களைத்தான் தேடி வரும்.

தையல் கடைக்காரர்

வாங்கிய பிறகு ரிப்பேர் என்று சொல்லிக் காலி செய்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததும், ஆளைக் காலி செய்யாமல் செய்ய முடியாத ரிப்பேரும் காலி செய்யக் கோருவதற்கான காரணங்கள்தான். ஆனால் வாடகை நீதிமன்றம் போய்த்தான் ஆக வேண்டும். மின்சாரத்தைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது, கடை முன்னால் மணலைக் கொட்டுவது எதுவும் கூடாது. நீதிமன்றத்துக்குப் போனால் உங்கள் 18 மாதத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல மாட்டேன். விற்பவர்களே அவரோடு பேசி, அவருக்கு ஒரு தொகை கொடுத்து, காலியாக ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முப்பது வருடம் ஒரே இடத்தில் பிழைத்த மனிதருக்குக் கௌரவமாக ஒரு தொகை கொடுப்பது நியாயமும்தான், வழக்குச் செலவைவிடக் குறைவும்தான்.

கூரையில் ஏறிப் பாருங்கள்

நான் வக்கீல், கொத்தனார் இல்லை. ஆனாலும் இருபது வருடமாகப் பத்திரத்தோடு சேர்த்து வீட்டையும் போய்ப் பார்க்கிற பழக்கத்தில் கொஞ்சம் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

மெட்ராஸ் டெரஸ் கூரையில் கம்பியும் கிடையாது, கான்கிரீட்டும் கிடையாது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் ஒரு அங்குல கனமுள்ள சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் மூலைவாட்டில் நிறுத்தி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, கடைசியாகத் தட்டோடு. பாரம் முழுவதும் கட்டைகள் மேல். கட்டையின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரிகிறது, கறுத்து மினுமினுப்பாக அழகாக இருக்கும், எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அது உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். மழைத்தண்ணீர் சுவர் வழியாக இறங்கி அங்கேதான் தங்கும், கரையானும் அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு ஏணியும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு கட்டையையும் சுவரைத் தொடும் இடத்தில் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு ஸ்க்ரூடிரைவரை உள்ளே விடாது. சாக்குப் பையில் குத்தியது போல் இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. முற்றத்தை ஒட்டிய கட்டைகளையும், மாடி அறைக் குளியலறைக்குக் கீழே இருப்பவற்றையும் முதலில் பாருங்கள்.

உங்கள் கான்ட்ராக்டர் சுவர் முழுக்கச் சிமென்ட் பூசி, மொட்டை மாடியில் வாட்டர் ப்ரூஃபிங் அடித்துத் தருவதாகச் சொல்லி 25 லட்சம் போட்டிருக்கிறார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சிமென்டைப் பூசினால் வெளியே விடும் வழி அடைபடும். திருவல்லிக்கேணியில் என் கட்சிக்காரர் ஒருவர் வீட்டில் இரண்டே மழைக்காலத்தில் புதுப் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பழைய செங்கல் உப்புப் பூத்து மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. உடைத்தெடுத்து மறுபடி சுண்ணாம்பு பூச முதலில் செய்த செலவைப் போல இன்னொரு மடங்கு ஆயிற்று. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள், கொஞ்சம் பேர்தான், அவசரப்படுத்தினால் வரமாட்டார்கள். சுண்ணாம்பை ஊறவைக்க வேண்டும், கடுக்காய், வெல்லத் தண்ணீர் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு, பூசியது காய நாள் ஆகும். ஐப்பசி கார்த்திகையில் கூரையைத் திறக்கவே முடியாது. உங்கள் 18 மாதத்தில் ஒரு மழைக்காலம் நிச்சயம் வரும், இரண்டும் வரலாம்.

அந்தத் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் பக்கச் சுவர் பொதுச்சுவராக இருக்கலாம். அதில் கை வைக்கும் முன் பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள். மயிலாப்பூரில் மெட்ரோ சுரங்க வேலை நடப்பதால், வாங்கும் முன்பே எல்லா விரிசல்களையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அனுமதி விஷயம். பூச்சு, வண்ணம், தரை, கட்டையை மாற்றுவது போன்ற ரிப்பேருக்கும், சுவரை இடிப்பது, மாடி எழுப்புவது போன்ற மாற்றத்துக்கும் 2019 கட்டட விதிகளில் வித்தியாசம் உண்டு. இரண்டாவது வகைக்கு மாநகராட்சி அனுமதி வேண்டும், "உள்ளேதானே இடிக்கிறோம்" என்பது செல்லாது. காபி கடை என்றால் குடியிருப்பை வணிகமாக மாற்ற அனுமதி, தொழில் உரிமம், வணிக மின் கட்டணம், கூடுதல் சொத்து வரி எல்லாம் வரிசையாக வரும். முழுவதும் இடித்துக் கட்டலாம் என்று யாராவது ஆசை காட்டினால், இன்றைய விதிப்படி விட வேண்டிய காலியிடத்தை விட்டுத்தான் கட்ட முடியும். பழைய வீடு மனை முழுவதையும் அடைத்து நிற்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்வதில் அப்படியொரு லாபமும் இருக்கிறது.

பாரம்பரியக் கட்டடம் என்று அரசு பிடித்துக்கொள்ளுமா என்று பயந்திருக்கிறீர்கள். வீடு பழசாக இருப்பதால் மட்டும் அது நடக்காது. உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி 2010-ல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்தது. பாரம்பரியக் கட்டடங்கள் என்று நீதிபதி பத்மநாபன் குழு அறிக்கையில் பட்டியலிட்டவை 467. சி.எம்.டி.ஏ.வில் விசாரித்தால் உங்கள் கதவு எண் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

உங்கள் கணக்கும் என் கணக்கும்

இரண்டரைக் கோடியில் 1.65 கோடியும் 25 லட்சமும் போக 60 லட்சம் லாபம் என்று போட்டிருக்கிறீர்கள். முழுத் தொகைக்கும் பத்திரம் போட்டால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 14.85 லட்சம். அரசு வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்குக் கட்ட வேண்டும். வாங்கும்போது புரோக்கருக்கு 1 சதவீதம், விற்கும்போது 1 சதவீதம், சேர்த்து 4.15 லட்சம். வட்டி எட்டரை என்று வைத்தால் 18 மாதத்துக்குச் சுமார் 13.4 லட்சம். 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேரும், 30 சதவீத அடுக்கில் இருக்கிறீர்கள், செஸ்ஸோடு சேர்த்து வரி சுமார் 12.8 லட்சம் வரும். கடன் வட்டியைச் செலவில் சேர்க்கலாமா என்பதில் வழக்குகள் உண்டு, அதனால் வரிக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. கடைசியில் கையில் நிற்பது 15 லட்சத்துக்குள். ரிப்பேர் 25-லிருந்து 40 ஆனால், பழைய வீட்டில் அது ஆகும், நாலரை லட்சம். 24 மாதம் தாண்டி விற்றால் வரி 12.5 சதவீதமாகக் குறையும், ஆனால் கூடுதல் மாதங்களுக்கு வட்டி ஓடும், அதில் பெரிதாக மிச்சம் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. 60-ஐயும் 105-ஐயும் கூட்டினால் விலைக்கு மட்டும்தான் சரியாக இருக்கிறது. பத்திரச் செலவு, முதல் தரகு 16.5 லட்சம் எங்கிருந்து வரும் என்று கடிதத்தில் இல்லை.

அந்த ரொக்கம் 40 லட்சம் வேண்டவே வேண்டாம். பத்திரத்தில் 1.25 கோடி என்று போட்டால் வங்கி அதில் 75 சதவீதத்துக்கு மேல் தராது, அதாவது 93.75 லட்சம். உங்கள் 1.05 கோடிக் கடன் அங்கேயே துண்டு விழுகிறது, அதுவும் அந்தக் கட்டடத்தை வங்கியின் மதிப்பீட்டாளர் பார்த்து முகம் சுளிக்காமல் இருந்தால். பத்திரச் செலவில் 3.6 லட்சம் மிச்சமாகும், ஆனால் நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 1.25 கோடி என்றுதான் கணக்கில் வரும், கூடுதல் வரி மட்டும் சுமார் 12.5 லட்சம். அவர்கள் வரியை நீங்கள் கட்டுகிறீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் பெற்றுக்கொண்டவருக்கு அதே அளவு அபராதம் விழ வாய்ப்புண்டு என்பதை விற்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சில சமயம் வேலை செய்யும்.

என் அபிப்பிராயம் கேட்டால், இந்த வீட்டை 18 மாதத்தில் விற்கும் சரக்காகப் பார்த்தால் லாபம் இல்லை. காகிதங்கள் சுத்தமாகி, அத்தை வீட்டார் எல்லோரும் கையெழுத்துப் போட வந்து, விலையும் அதற்கேற்பக் குறைந்தால், நீங்களே குடியிருக்கவோ பத்து வருடம் வைத்திருக்கவோ நல்ல வீடாக இருக்கலாம். அப்படி ஒரு முற்றம் இனி யாரும் கட்டப்போவதில்லை என்று நீங்கள் எழுதிய வரி எனக்குப் பிடித்திருந்தது, அதை லாபக் கணக்கோடு கலக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். அட்வான்ஸை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தை 2012 முதல் பதிவு செய்தாக வேண்டும். பதிவுக்கு முன் நாளிதழில் ஒரு பொது அறிவிப்புக் கொடுங்கள், அத்தை வீட்டார் யாராவது இருந்தால் கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் முன்பு, இன்றைக்கே விற்பவருக்கு ஒரு வாட்ஸாப் அனுப்புங்கள்: கோயிலில் கடைசியாகக் கட்டிய ரசீதின் படம் ஒன்று, இரண்டு அத்தைகளின் பெயரும் அவர்கள் பிள்ளைகளின் பெயரும். இரண்டும் வரும்வரை 10 லட்சம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். பதில் வரத் தாமதமானால் ஒரு ரவிக்கையைத் தைக்கக் கொடுக்கும் சாக்கில் அந்தக் கடைக்குப் போய்ப் பேச்சுக் கொடுங்கள். கோயிலிலிருந்து யார் வந்து என்ன கேட்டுப் போனார்கள், எந்த அத்தை வந்தபோது வீட்டில் சத்தம் கேட்டது என்பதெல்லாம் முப்பது வருடமாக வாசலில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியும்.